பிழைத்தவர் கேட்ட கேள்வி

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கும், அங்கிருந்து வெம்பக்கோட்டைக்கும் சாத்தூருக்கும் செல்லும் சாலைகளில் காலை வேளையில் பயணம் செய்த அன்பர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். கரிசல் காட்டு ஊர்களின் விலக்குகளில் தூக்குவாளியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஆண்களும் பெண்களும் கூட்டங் கூட்டமாக நின்றுகொண்டிருப்பார்கள். பட்டாசு ஆலையின் வண்டி வரும், ஏறிக்கொண்டு போவார்கள். மாலையில் அதே வண்டி அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும். விடவேண்டும் என்பதே வீட்டிலிருப்போரின் அன்றாட மன்றாட்டு.

பகலில் எங்கேனும் ஒரு பெருஞ்சத்தம் கேட்டால், சுற்றுப்பட்டி ஊர்களில் பெண்கள் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். எத்திசையில் புகை எழுகிறது என்று பார்ப்பார்கள். திசையைக் கொண்டே இன்ன ஆலையாய் இருக்கலாம் என்று கணிப்பார்கள். கைப்பேசியில் அழைத்துப் பயனில்லை. ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. செய்தி வந்து சேரும்வரை அத்தெருவில் நிற்போரின் முகங்களைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். செய்தி வந்தபின் ஒரு வீட்டில் அழுகுரல் எழும். மற்ற வீடுகளில் அடுப்பு மீண்டும் எரியும். மறுநாள் காலை மற்றோர் ஆலையின் வண்டி வந்து அதே விலக்கில் நிற்கும்.

இந்தியா முழுமைக்கும் நாள்காட்டி அச்சிட்டு அனுப்பும் ஊர் சிவகாசி. ஆடிப்பெருக்கு வந்தால் அடுத்த ஆண்டுக்கான மாதிரிகளை அங்கே வெளியிடுகிறார்கள். வரப்போகும் ஆண்டின் நாள்களையெல்லாம் தாள் தாளாக எண்ணிக் கட்டும் ஊரைச் சுற்றியே, நாளைய பொழுதைப் பற்றி உறுதியில்லாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அவருள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். உதவி செய்ய ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும் ஆவர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 அக்டோபரில் ஒரே நாளில் இரண்டு இடங்களில் விபத்து. 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. இவை செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தவை மட்டுமே. ஒருவர், இருவர் என்று மடிந்த விபத்துகளுக்கு உள்பக்கத்தில் நான்கு வரிகள் கிடைத்திருக்கும்.

உடல் வெந்தவர்களுக்கு மருத்துவமனை உண்டு. இறந்தோர் குடும்பத்துக்கு இழப்பீடு என்று ஒரு தொகை அறிவிக்கப்படுகிறது. உள்ளம் வெந்தவர்களுக்கு என்ன உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது. இதனை எழுதத் தூண்டியது நமது பங்கில் நிகழ்ந்த ஒன்று. அதில் நாம் செய்த தவறும் அடங்கியிருக்கிறது.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மருந்து கலக்கும் அறையில் வேலை. ஒரு நாள் தண்ணீர் குடிப்பதற்காக வெளியே சென்றிருந்த வேளையில் அந்த அறை சிதறிப் போயிற்று. உள்ளே இருந்த மூவரும் இறந்தனர். அவருள் ஒருவர் அவருடைய மனைவியின் தம்பி. அந்த இளைஞனை அவ்வேலைக்குக் கூட்டிச் சென்றவரே இவர்தான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். வழக்கம்போல் செபம் சொன்னோம். பிறகு, "இறைவன் உம்மைக் காப்பாற்றியிருக்கிறார், அவருக்கு நன்றி சொல்லும்" என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படின்னா மச்சானை ஏன் சாமி காப்பாத்தலை? நான் எதுக்குப் பிழைச்சேன்?" என்று கேட்டார். குருமடத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் கற்றவர்களாகிய நாம், இறைத்திட்டத்தைப் பற்றியும், அதனை அறிய மனிதர்க்கு இயலாமை பற்றியும் சிறிது நேரம் பேசினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மௌனத்தை ஆறுதல் என்று கருதிக்கொண்டு நாம் எழுந்து வந்தோம். அதன்பின் எட்டு மாதங்கள் அவர் கோவில் வாசலை மிதிக்கவில்லை.

அவருடைய மனைவி நம்மிடம் வந்து சொன்ன பிறகே நிலைமை விளங்கிற்று. இரவில் உறக்கமில்லை. எங்கோ ஒரு கதவு அடித்துச் சாத்தினால் உடல் நடுங்குகிறது. டாஸ்மாக் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். இவையெல்லாம் இருக்க, அவரை அதிகம் அரித்தது வேறொன்று. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று வந்து காட்டியபோது, "படிச்சு என்ன ஆகப் போகுது? எல்லாம் ஒரு நொடியிலே போறதுதானே" என்றாராம். பாதி கட்டிய வீட்டை அப்படியே நிறுத்திவிட்டார். விதை நெல்லைப் போல் பாதுகாக்க வேண்டிய நாளைய நம்பிக்கை அவரிடம் இல்லாமற் போயிற்று.

எதற்காக வாழ்வது, எப்படியும் சாவு வரப்போகிறதே, என்னும் இக்கலக்கத்தை மேனாட்டு அறிஞர்கள் இருத்தலியல் பதற்றம் என்பார்கள். டென்மார்க் நாட்டுக் கீர்க்ககார் 1844இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். குருமடத்தில் மெய்யியல் படித்த காலத்தில் அவரையும் சார்த்தரையும் கபிரியேல் மார்செலையும் நாம் மனப்பாடம் செய்து, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம். அம்மதிப்பெண் அன்று அவ்வீட்டில் ஒரு காசுக்கும் உதவவில்லை.

இது மேனாட்டார்க்கு மட்டும் உரிய நோய் என்று எவரும் எண்ணவேண்டா. நம் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவனுக்கு, 1896ஆம் ஆண்டு மதுரையில் தன் சிற்றப்பாவின் வீட்டு மாடியறையில் தனித்திருந்தபோது, நோய் நொடி ஏதுமின்றியே, தான் சாகப் போவதாக ஒரு பேரச்சம் திடீரென்று பிடித்துக்கொண்டது. அப்போது வயது பதினாறு. அவர் யாரையும் கூப்பிடவில்லை, ஓடி ஒளியவுமில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது எது என்று தமக்குள்ளேயே நோக்கினார். சில வாரங்களில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை சென்றார். அவரே பின்னாளில் இரமண மகரிஷி. பிரான்சு நாட்டிலிருந்து வந்த பெனடிக்டு சபைத் துறவி ஹென்றி லெசோ 1949இல் அவரைக் கண்டு நெஞ்சம் நெகிழ்ந்தவர். மறு ஆண்டில் குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவர்.

வியப்பு யாதெனில், அதே 1896ஆம் ஆண்டில்தான் பிரான்சில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் இருபத்து மூன்று வயதுக் குழந்தை தெரேசா, விண்ணகம் என்று ஒன்று உண்டா என்னும் இருளுக்குள் அமிழ்ந்தார். மறு ஆண்டில் இறக்கும்வரை அவ்விருள் அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை. கொல்கத்தா அன்னை தெரேசாவின் உள்ளத்திலும் இத்தகைய வறட்சி பல்லாண்டுகள் நீடித்ததை 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. ஆகவே இக்கலக்கம் வந்தவர் விசுவாசம் இழந்தவர் என்றோ, கோழை என்றோ முடிவு கட்டுவது அறியாமை.

திருச்சுழிச் சிறுவனைப் போல் தனியே நின்று சாவை ஏறிட்டுப் பார்க்க ஆயிரத்தில் ஒருவர்க்கே இயலும். ஏனையோர்க்கு உடன் ஒருவர் வேண்டும்.

எல்லா அச்சமும் ஒன்றல்ல

இங்கே ஒரு தெளிவு தேவை. பட்டாசுத் தொழிலாளியின் நெஞ்சில் இருக்கும் அச்சத்தை ஒரே பெயரிட்டு அழைத்தால் கேடு விளையும்.

முதலாவது, நியாயமான அச்சம். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைத்திருக்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கிறது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கலவை உராய்வுக்கு ஆகாது. உச்சி வெயில் ஆகாது. உடலில் சேரும் நிலைமின்சாரத்தின் ஒரு சிறு பொறியும் ஆகாது. ஆதலால் கலப்பவர் தரைத் தொடர்புள்ள செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நுழையவேண்டும். ஆனால் நடப்பது என்ன? விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்படுவன இவையே: உரிமம் பெற்றவர் அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டிருத்தல், அனுமதித்த அளவுக்கு மேல் ஆள்களையும் மருந்தையும் வைத்திருத்தல், தீபாவளி நெருங்கும்போது மரத்தடியிலும் வேலை செய்வித்தல். இத்தகைய இடத்தில் ஒருவர்க்கு அச்சம் வரவில்லையென்றால்தான் அவரைப் பற்றிக் கவலைப்படவேண்டும். இவ்வச்சத்துக்கு மருந்து ஆலையில் இருக்கிறது, மருத்துவரிடம் இல்லை. தொழிலாளியின் அச்சத்தைத் தணித்து மீண்டும் அதே அறைக்கு அனுப்பி வைப்பதற்கு உளச்சிகிச்சை என்று பெயரிட்டால், அது அச்சிகிச்சைக்கே இழுக்காகும். செபமாலையைக் கையில் கொடுத்து அனுப்பி வைப்பதும் அவ்வாறே என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

அச்சம் இருந்தும் ஏன் போகிறார்கள் என்று வெளியூர் அன்பர்கள் கேட்பதுண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்துத் தீர்ப்பளித்தபின், ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது வேலைக்குப் போகாமலிருக்கும் அச்சம் இம்மக்களைப் பிடித்தது. அடகுக் கடையில் கூட்டம் பெருகிற்று. சாவுக்கு அஞ்சிக்கொண்டே வேலைக்குப் போவதும், வேலை இல்லாமைக்கு அஞ்சிச் சாவை மறப்பதும் மாறி மாறி வரும் நிலத்தில் இவர்கள் வாழ்கிறார்கள். மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் வேறு பிழைப்பு எளிதில் கிடைப்பதில்லை.

இரண்டாவது, நோயாகிவிட்ட அச்சம். பெரிய விபத்தைக் கண்ணால் கண்டவர்க்கு அக்காட்சி வேண்டாதபோதெல்லாம் முன்னே வந்து நிற்கும், கனவில் வரும், சிறு சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும், அந்தச் சாலை வழியே போகவே மாட்டார். ஒரு மாதத்துக்கு மேலும் இது நீடித்தால், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று மருத்துவர்கள் இதனை இனங்காண்கிறார்கள். இது குணப்படுத்தக் கூடியது. மாத்திரை சிலர்க்குத் தேவைப்படும். அஞ்சிய நினைவைச் சிறிது சிறிதாக, பாதுகாப்பான இடத்தில் எதிர்கொள்ளப் பழக்கும் பயிற்சிகளும் உண்டு. மனநல மருத்துவரிடம் போவது என்றால் பைத்தியம் என்று ஊரார் சொல்வார்களே என்னும் வெட்கமே பெருந்தடை. அவ்வெட்கம் நம் மக்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்து ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அங்கே ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றிக் கருகினர். இன்று மனநல மருத்துவம் பெறுவது குடிமக்களின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்விரண்டையும் களைந்த பின்னும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. ஆலை எவ்வளவு பாதுகாப்பாயினும், உறக்கம் எவ்வளவு நன்றாக வந்தாலும், நான் ஒருநாள் இறப்பேன் என்பதும், என் வாழ்வுக்குப் பொருள் என்ன என்பதும் எஞ்சும். பாவுல் டில்லிக் என்னும் சீர்திருத்த சபை இறையியலார் 1952இல் வெளியிட்ட நூலில் இதனை நன்கு பிரித்துக் காட்டினார். நோயான பதற்றம் மருத்துவரின் கைக்கு உரியது. இருத்தலின் பதற்றத்தையோ எந்த மருத்துவரும் நீக்க முடியாது, அதனைத் தாங்கும் துணிவையே பெறவேண்டும் என்பது அவர் கருத்து. குருவானவர் மருத்துவராகவும், மருத்துவர் குருவாகவும் ஆகிவிட முயலக்கூடாது என்றும் அவர் எச்சரித்தார். நாம் அவ்வீட்டில் செய்ததோ இதனினும் மோசம். நோயையும் காணவில்லை, கேள்வியையும் கேட்கவில்லை.

ஆற்றுப்படுத்தல் என்பது யாது?

அம்மனைவி வந்து அழுத பிறகு, மதுரையில் உளவியல் பயின்று இப்பணியைச் செய்துவரும் அருள்சகோதரி ஒருவரை நாடினோம். அவர் முதலில் செய்தது, இவரை அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்பியது. உறக்கம் வந்து, குடி குறைந்த பிறகே வாராவாரம் ஒரு மணி நேரம் பேச்சு தொடங்கிற்று. அங்கே நடந்தவற்றுள் சிலவற்றை அவர் பின்னாளில் நம்மிடம் சொன்னார். எழுதிக்கொள்ளவும் இசைந்தார்.

முதல் சில வாரங்கள் சகோதரி ஓர் அறிவுரையும் சொல்லவில்லையாம். அது அவருக்கே வியப்பு. நாமாயிருந்தால் முதல் பத்து நிமிடத்தில் மூன்று அறிவுரைகள் சொல்லியிருப்போம்! இரண்டாம் வாரம் சகோதரி கேட்ட கேள்வி இது: "உங்க மச்சான் எப்படிப்பட்டவரு?" அதுவரை எல்லாரும் விபத்தைப் பற்றியே கேட்டிருந்தார்கள். காவல் துறையினர், பத்திரிகைக்காரர், உறவினர், பங்குக்குரு உட்பட ஒருவரும் இறந்தவனைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று அந்த ஒரு மணி நேரமும் அவர் மைத்துனனைப் பற்றியே பேசினார். அவன் கபடி ஆடுவது, கடன் வாங்கி வண்டி எடுத்தது, அக்காளிடம் மட்டும் பயப்படுவது. விபத்துக்குப் பின் முதன்முறையாக அன்றுதான் அழுதார்.

கவுன்சிலிங் என்பதைத் தமிழில் ஆற்றுப்படுத்தல் என்கிறோம். இலங்கைத் தமிழர் உளவளத்துணை என்கிறார்கள். நம் சொல்லை யார் தேர்ந்தெடுத்தாரோ, நன்கு அறிந்தே தேர்ந்திருக்கிறார். சங்க இலக்கியப் பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் வறியவன் ஒருவனைக் கண்டு, தான் போன பாதையைச் சொல்வது அவற்றின் அமைப்பு. அவன் வறியவனைத் தூக்கிச் சுமப்பதில்லை. நடப்பவன் அவனே. பாதை கடினம் என்பதையும் மறைப்பதில்லை.

இவ்வழியில் பலர் நடந்திருக்கிறார்கள். வியன்னா நகரின் யூத மருத்துவர் விக்டர் பிராங்கல் 1942 முதல் 1945 வரை நாத்சிகளின் வதைமுகாம்களில் கிடந்தவர். தந்தை, தாய், சகோதரர், மனைவி ஆகியோரை இழந்து மீண்டவர். மனிதன் அடியாழத்தில் தேடுவது இன்பத்தையும் அதிகாரத்தையும் அன்று, பொருளையே என்பது அவர் நிறுவிய சிகிச்சை முறையின் அடித்தளம். நான் எதற்குப் பிழைத்தேன் என்று வாழ்வை நோக்கிக் கேட்பதை நிறுத்தி, வாழ்வு இன்று என்னிடம் என்ன கேட்கிறது என்று நோக்கச் சொன்னார். செய்யும் செயலிலும், நேசிக்கும் மனிதரிலும், தவிர்க்க முடியாத துன்பத்தை ஏற்கும் விதத்திலும் பொருள் கிடைக்கலாம் என்றார். இங்கே 'தவிர்க்க முடியாத' என்னும் சொல்லை அன்பர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளவேண்டும். தவிர்க்கக் கூடிய துன்பமாயின் அதன் காரணத்தை அகற்றுவதே பொருளுள்ள செயல், வீணே துன்புறுவதில் வீரம் ஏதுமில்லை என்று பிராங்கலே தெளிவாகக் கூறியிருக்கிறார். நம் பட்டாசு வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1980இல் வெளியிட்ட பெருநூலில், மரணம், சுதந்திரம், தனிமை, பொருளின்மை என்னும் நான்கையும் மனிதன் தப்ப முடியாத கவலைகள் என்றார். தீராத புற்றுநோய் கண்ட பெண்களைக் குழுவாக அமர்த்தி, சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசச் செய்தவர் அவர். பேசினால் அச்சம் மிகும் என்றுதான் நாமெல்லாம் எண்ணுகிறோம். பேசாத வீட்டில்தான் அது மிகுகிறது. பிராங்கலின் கருத்தை அடியொற்றி, நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் வில்லியம் பிரைட்பார்ட் என்னும் மருத்துவர் எட்டு அமர்வுகள் கொண்ட குழுப் பயிற்சி ஒன்றை வகுத்தார். நோய் முற்றிய நிலையிலும், அதில் பங்கேற்றவர்களுக்கு வாழ்வின் பொருளுணர்வு உயர்ந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாவு தள்ளிப் போகவில்லை; எஞ்சிய நாள்கள் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன.

நம் பங்கு அன்பருக்கும் ஏறத்தாழ இதுவே நடந்தது. 'நான் தண்ணீர் குடிக்கப் போனதால் அவன் செத்தான்' என்பதே அவருடைய நெஞ்சில் தைத்திருந்த முள். இதனைச் சகோதரி மறுத்து வாதிடவில்லை. அவன் இறந்ததில் உங்கள் பங்கு எவ்வளவு, ஆலையை நடத்தியவர் பங்கு எவ்வளவு, யார் பங்கும் இல்லாதது எவ்வளவு என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்கத் துணை நின்றார். அந்த அறையில் இருவர் இருக்கவேண்டிய இடத்தில் நால்வர் இருந்ததை அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சொன்னாராம். குற்ற உணர்வின் ஒரு பகுதி சினமாக மாறிற்று. மிஞ்சிய பகுதி, அவனை வேலைக்குக் கூட்டிச் சென்றேன் என்பது, மெய்யான துயரமாக நின்றது. அதைச் சகோதரி துடைத்துவிட முயலவில்லை. மைத்துனனுக்குச் சொல்ல விரும்புவதை எழுதிவரச் சொன்னார். இவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆகையால் ஒரு மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குத் தனியே போய், அங்கேயே அமர்ந்து பேசிவிட்டு வந்தார்.

விசுவாசம் போதாதா?

இதனை நாம் ஒரு கூட்டத்தில் சொன்னபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "அப்போ செபம் போதாதா சாமி? நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் கவுன்சிலிங்கா போனாங்க?" நல்ல கேள்வி. கால் முறிந்தவர் செபமாலை சொல்லிக்கொண்டே கட்டுப் போட்டுக்கொள்ளப் போகிறார். அதனை எவரும் விசுவாசக் குறைவு என்பதில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, மேய்ப்புப் பணியில் உளவியல், சமூகவியல் ஆகிய அறிவுத் துறைகளையும் பயன்படுத்திக்கொள்ளப் பணித்திருக்கிறது. மானிட வாழ்வின் புதிர் மிகக் கடுமையாவது சாவின் முன்னிலையிலேயே என்று கூறுவதும் அவ்வேடே. பாட்டன் பூட்டன் காலத்தில் இழவு வீட்டில் பதினாறு நாளும் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். துயரம் அங்கே வாய் திறந்து பேசிற்று. இன்றோ மூன்றாம் நாளே பந்தலைப் பிரித்துவிட்டு வேலைக்குப் போகிறோம்.

ஒப்புரவு அருட்சாதனத்தின் இடத்தை இது எடுத்துக்கொள்கிறதா என்று கேட்பாரும் உளர். இல்லை. அங்கே பாவம் மன்னிக்கப்படுகிறது. நம் அன்பர் செய்ததோ பாவமன்று. தண்ணீர் குடிக்கப் போனதை எவ்வாறு மன்னிப்பது? பாவமல்லாததைப் பாவமாகச் சுமப்பவர்க்குப் பாவமன்னிப்பு அளித்து அனுப்பினால், அவர் அச்சுமையோடே திரும்பி வருவார். இத்தகையோர் சிலர் ஒரே காரியத்தை மாதந்தோறும் பாவமாக அறிக்கையிட வருவதை நாம் பல்லாண்டுகள் கண்டும் காரணம் அறியாதிருந்தோம்.

கெத்சமனி தோட்டத்தில் ஆண்டவருக்கே சாவின் கலக்கம் வந்தது. அவ்விரவில் அவர் சீடர் மூவரிடம் கேட்டது விளக்கமன்று. தம்மோடு விழித்திருக்கச் சொன்னார், அவ்வளவே. அவர்கள் உறங்கிவிட்டார்கள். அம்மூவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்த ஓர் இரவில் நமக்கும் உறக்கம் வரவில்லை. மறுநாள் அவ்வீட்டுக்குச் சென்று, அன்று பேசியதற்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சாமி, காப்பி சாப்பிடுங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அச்சகோதரி நமது பங்கின் மறைக்கல்வி அறையில் அமர்கிறார். முதல் மூன்று மாதங்கள் ஒருவரும் வரவில்லை. கோவிலின் முன்வாசலிலிருந்து பார்த்தால் யார் போகிறார்கள் என்று தெரிந்துவிடும் என்பதே காரணம் எனப் பிறகு அறிந்து, பின்புறக் கதவைத் திறந்து வைத்தோம். அதன்பின் வரத் தொடங்கினார்கள். கணவனை விபத்தில் இழந்து, வேறு வழியின்றி அதே வேலைக்குப் போகும் பெண்கள் இருவர் வருகிறார்கள். சென்ற மாதம் ஒரு போர்மேன் வந்தார்; நம் சமயத்தவர் அல்லர். தம் கீழ் வேலை செய்தவர்களின் பெயர்களை இரவில் எண்ணிக்கொண்டே கிடப்பதாகச் சொன்னாராம். இவ்வாய்ப்பு இல்லாத ஊர்களில் உள்ளோர், 2022 முதல் நடுவண் அரசு நடத்திவரும் 14416 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகத் தொலைபேசியில் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் இருந்தால் ஞாயிறு வரை காத்திராமல் அன்றே அழைக்கவேண்டும்.

அவர் மருந்து அறைக்குத் திரும்பவில்லை. சிவகாசியில் நாள்காட்டி கட்டும் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். கூலி முன்னையதில் பாதிதான். வீட்டுக்கு மேல்தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. மகள் அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போகிறாள். தீபாவளியன்று மட்டும் இன்றும் ஊரில் இருக்கமாட்டார். பேருந்தேறி எங்காவது போய்விடுகிறார். தம்பியை இழந்த அவருடைய மனைவி, இத்தனை நாளும் கணவனைப் பார்த்துக்கொள்வதிலேயே தன் துயரத்தை ஒதுக்கி வைத்திருந்தவர், சென்ற வாரம் நம்மிடம் வந்து, அடுத்த முதல் ஞாயிறு தமக்கும் ஒரு நேரம் கேட்டுச் சொல்லுமாறு கூறிச் சென்றார்.